பழகிய பிறகும் மறுக்குமா?
சர்வைவல் கேம்களில் காட்டு விலங்குத் துணைகள்: ஒரு பார்வை

ஆள் அரவமற்ற தீவிலோ காட்டிலோ கண் விழிக்க வேண்டும். கல்லும் குச்சியும் பொறுக்கி, இருட்டுவதற்குள் ஒரு குடிசை போட்டு, பட்டினியில் சாகாமல் விடியலைப் பார்க்க வேண்டும். சர்வைவல் கேம் எதை எடுத்தாலும் முதல் ஒரு மணி நேரம் அநேகமாக இப்படித்தான் போகும். அந்தக் கட்டத்தில் விலங்குகள் இரண்டே வகை: நாம் தின்பவை, நம்மைத் தின்ன வருபவை. நம்மோடு கூட இருப்பவை என்ற மூன்றாவது வகை பிறகுதான் வருகிறது. அது வந்ததும் ஆட்டத்தின் போக்கே மாறிவிடுகிறது. அதுவரை தன் உயிரை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தவர், இன்னொரு உயிருக்கும் தீனி தேட ஆரம்பிக்கிறார்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்த மூன்றாவது வகை கேம் உலகில் பெரிதாக வளர்ந்திருக்கிறது. ஓநாய், காட்டுப்பன்றி, டைனோசர், கற்பனை ஜந்துக்கள் என்று பழக்கப்படாத உயிரே இல்லை. ஆனால் விலங்கைப் பழக்குவது என்றால் என்ன என்பதற்கு ஒவ்வொரு கேமும் வேறு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில்களை ஒப்பிட இந்தக் கட்டுரை இரண்டு கேள்விகளைக் கையில் எடுக்கிறது. பழக்குவதற்கு ஆடுபவரிடம் என்ன விலை கேட்கப்படுகிறது? பழகி முடித்த பிறகு அந்த விலங்குக்கு மறுக்கும் திறன் ஏதாவது மிஞ்சுகிறதா? முதல் கேள்விக்கு கேம்கள் அக்கறையோடு பதில் யோசித்திருக்கின்றன. இரண்டாவதைப் பெரும்பாலானவை கண்டுகொள்ளவே இல்லை.

முன்னோடிகளிடம் இருந்தது

இரண்டாவது கேள்வி புதிதல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1987இல் வெளியான நெட்ஹேக், எழுத்துக்குறிகளால் மட்டுமே வரையப்பட்ட பாதாளச் சுரங்க ஆட்டம். அதில் ஆட்டக்காரர் ஒரு குட்டி நாயுடனோ பூனைக்குட்டியுடனோதான் பெரும்பாலும் பயணத்தைத் தொடங்குவார். சாமுராய் வேடம் எடுத்தால் நாயின் பெயர் ஹச்சி. இந்தத் துணையை ஒரு தளத்தில் விட்டுவிட்டு நெடுநேரம் வேறு தளத்தில் சுற்றினால், திரும்பி வரும்போது அது ஆளை மறந்து காட்டுத்தனமாக மாறியிருக்கக்கூடும். அடித்தாலும் பட்டினி போட்டாலும் பழக்கம் விட்டுப்போகும்.

ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் ஆடிய அல்டிமா ஆன்லைன் 1997இல் வந்தது. விலங்கு பழக்குவது அங்கே தனித் திறமை. தச்சுவேலை, கொல்லுவேலை போலப் பயின்றுதான் உயர முடியும். அங்கும் வளர்ப்பு விலங்குக்கு விசுவாசம் என்று ஓர் அளவு உண்டு. தீனி போடாமல் விட்டால் அது குறைந்துகொண்டே போய், கடைசியில் விலங்கு காட்டுக்கே திரும்பிவிடும். 2004இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் வேட்டைக்காரரின் விலங்குக்கு மகிழ்ச்சி, விசுவாசம் என்று இரண்டு அளவுகள் இருந்தன. கவனிக்காமல் விட்டால் அது ஓடிப்போகும். பின்னாளில் வந்த மாற்றங்களில் இரண்டையுமே எடுத்துவிட்டார்கள்.

இங்கே ஒரு போக்கு தெரிகிறது. ஆரம்பகால கேம்களில் பழக்கம் என்பது கவனித்தால் நிலைக்கும், கவனிக்காவிட்டால் கரையும் ஓர் உறவு. ஆடுவோர் கூட்டம் பெருகப் பெருக, அந்த உறவு உடைமையாக உறைந்துவிட்டது. சர்வைவல் கேம்கள் கைக்கு வாங்கியது இந்த உறைந்த வடிவத்தைத்தான்.

எலும்பும் பகடையும்

மைன்கிராஃப்ட் அதை வாங்கிய விதம் எளிமையானது. 2011 மார்ச் 31 அன்று, பீட்டா 1.4 பதிப்பில் ஓநாய் வந்தது. எலும்புக்கூட்டு எதிரிகளைக் கொன்றால் எலும்பு கிடைக்கும். அதை ஓநாயிடம் நீட்டினால் ஒவ்வொரு எலும்புக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. அதிர்ஷ்டம் வாய்த்தால் இதயங்கள் மிதக்கும், கழுத்தில் சிவப்புப் பட்டை ஏறும், நாய் உட்கார்ந்துகொள்ளும். அந்த நொடியிலிருந்து சாகும்வரை அது நம்முடையது. தீனி போடாவிட்டாலும் அது பட்டினியால் சாகாது. வெறுத்து ஓடவும் செய்யாது.

இவ்வளவு மெல்லிய ஏற்பாட்டின் மேல் கோடிக்கணக்கானவர்களின் பாசம் உட்கார்ந்திருப்பதற்கு மைன்கிராஃப்ட் செய்த சிறு வேலைப்பாடுகள்தான் காரணம். ஓநாயின் வாலைப் பாருங்கள். உடல்நலம் முழுதாக இருந்தால் வால் உயர்ந்து நிற்கும்; அடிபட அடிபடத் தாழும். எண்ணோ பட்டையோ எதுவும் திரையில் வராது. வால் தொங்கினால் இறைச்சி கொடுக்க வேண்டும் என்று ஆடுகிற பிள்ளைக்குத் தானாகவே புரிந்துவிடும். வளர்த்த விலங்கு செத்தால் உரிமையாளருக்கு மட்டும் இறப்புச் செய்தி வரும். அந்தச் செய்திக்குப் பயந்தே பலர் நாயை வீட்டில் உட்கார வைத்துவிட்டுத் தனியாக வேட்டைக்குப் போனார்கள். கூட வரட்டும் என்று பழக்கிய துணை, இழக்க மனமில்லாததால் வீட்டுக் காவலுக்கு நின்றுவிட்டது. 2024 ஏப்ரலில் வந்த 1.20.5 பதிப்பு ஓநாய்க்குக் கவசம் தந்தது இந்தச் சிக்கலுக்கு ஒரு பதில். ஆர்மடில்லோவைத் தூரிகையால் தேய்த்தால் உதிரும் ஓடுகள் ஆறு சேர்ந்தால் ஒரு கவசம். அதற்காக எந்த உயிரையும் கொல்ல வேண்டியதில்லை.

மைன்கிராஃப்ட் நிஜ விலங்குகளைப் பற்றித் தன்னைத் திருத்திக்கொண்டதும் உண்டு. 2017இல் கிளி வந்தபோது, சோதனைப் பதிப்பில் அதைப் பழக்கும் தீனி பிஸ்கட். அதில் சாக்லேட் இருக்கிறது, சாக்லேட் நிஜக் கிளிக்கு நஞ்சு, பிள்ளைகள் வீட்டுக் கிளிக்கும் ஊட்டிவிடுவார்கள் என்று ஆடுபவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முழுப் பதிப்பில் தீனி விதைகளாக மாறியது. பிஸ்கட் கொடுத்தால் கேமிலும் கிளி செத்துவிடும். 2012 முதல் 2019 வரை காட்டில் திரியும் ஓசலட் என்ற புள்ளிப்பூனைக்கு மீனைக் கொடுத்தால் அது வீட்டுப் பூனையாகவே உருமாறிவிடும். 1.14 பதிப்பில் இரண்டையும் பிரித்தார்கள். இப்போது ஓசலட் நம்மை நம்பும், பயந்து ஓடாது. அதற்கு மேல் எதையும் தராது. பின்னால் வராது, சொன்னபடி உட்காராது. மைன்கிராஃப்ட் உலகில் ‘இவ்வளவுதான்’ என்று எல்லை போட்ட விலங்குகளில் அது ஒன்று.

அடித்து வீழ்த்தும் முறை

ஸ்டுடியோ வைல்ட்கார்டின் ஆர்க்: சர்வைவல் எவால்வ்ட் 2015 ஜூனில் முன்வெளியீடாகவும், 2017 ஆகஸ்டில் முழுதாகவும் வந்தது. அங்கே பெரும்பாலான விலங்குகளை முதலில் மயங்கி விழும்வரை தாக்க வேண்டும். மயக்க அம்பு பாய்ந்தால் மயக்க அளவு ஏறும். விழுந்த விலங்கின் வயிற்றுக்குள் இறைச்சியோ பழமோ வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மயக்கம் தெளிகிற மாதிரி இருந்தால், நார்கோபெரியும் அழுகிய இறைச்சியும் சேர்த்துச் செய்த மருந்தை ஊட்ட வேண்டும். இடையில் வேறொரு மிருகம் வந்து கடித்தால் பழக்கத்தின் தரம் குறையும். குறையே இல்லாமல் முடிந்தால் விலங்கின் மட்டம் பாதி அளவு கூடும்: 150 மட்டத்தில் பிடித்தது 225 ஆக எழுந்து நிற்கும்.

ஆடுபவர்களிடையே ‘ஸ்டார்வ் டேமிங்’ என்றொரு உத்தி புழங்குகிறது. மயங்கிக் கிடக்கும் விலங்குக்கு உடனே தீனி வைப்பதில்லை. பசி நன்றாக ஏறும்வரை பட்டினி போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஊட்டிவிடுவார்கள். நடுவில் விலங்கு செத்துப்போனால் விலை உயர்ந்த தீனி வீணாகாது என்பதே நோக்கம். விதிகளின் கண்ணில் இது கெட்டிக்காரத்தனம். விலங்குப் பக்கமிருந்து பார்த்தால் சித்திரவதை. இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் ஆர்க் எந்த உரசலையும் வைக்கவில்லை. எழுந்ததும் அந்த டைனோசர் தன்னை அடித்தவருக்கே விசுவாசமாகிவிடுகிறது.

இந்த முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஃபன்காமின் கோனன் எக்ஸைல்ஸ் சாட்சி. 2018இல் முழுதாக வெளியான அந்த கேமில் மயக்கி, கயிறு கட்டி, தரையில் இழுத்துவந்து ‘வேதனைச் சக்கரம்’ என்ற பொறியில் பூட்டுவது மனிதர்களை. மனம் உடைந்ததும் அவர்கள் காவலாளிகளாகவும் சமையல்காரர்களாகவும் வேலை செய்வார்கள். அதே ஆண்டு டிசம்பரில் விலங்கு வளர்ப்பு வந்தது: குட்டிகளைப் பிடித்துவந்து தொழுவத்தில் தீனி போட்டு வளர்ப்பது. ஒரு கேமுக்குள்ளேயே அடிமையாக்குவதும் வளர்ப்பதும் அக்கம்பக்கமாக நிற்கின்றன. இரண்டின் கணக்குவழக்கும் ஏறக்குறைய ஒன்று. ஆளுக்குச் செய்யும்போது கூசுகிறது, விலங்குக்குச் செய்யும்போது கூசவில்லை என்றால், அந்த வித்தியாசத்தை நாம்தான் வெளியிலிருந்து கொண்டுவருகிறோம். விதிகளில் அது இல்லை.

யூபிசாஃப்ட் 2016இல் வெளியிட்ட ஃபார் க்ரை பிரைமல், பொ.ஆ.மு. 10,000இல் நடக்கிறது. ஓநாய் முதல் வாள்பல் புலி வரை 17 விலங்குகளை இரை வீசிப் பழக்கலாம். அடிதடி இல்லை, இரை தின்னும்போது கையை நீட்டிக்கொண்டு நெருங்கினால் சில நொடிகளில் முடிந்தது. செத்தாலும் சிவப்பு இலைகளைச் செலவழித்து மீட்டுவிடலாம். விலையும் இல்லை, இழப்பும் இல்லை. அந்தப் புலி தோழனைப் போல அல்லாமல் நல்லதோர் ஆயுதமாகவே நினைவில் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

பயம் தெளியும்வரை

ஸ்வீடனின் அயர்ன் கேட் குழு 2021 பிப்ரவரியில் வெளியிட்ட வால்ஹைம் வேறு வழியில் போனது. காட்டுப்பன்றியைப் பிடிக்க முதலில் ஒரு பட்டி கட்ட வேண்டும். பன்றியைச் சீண்டி, துரத்த விட்டு, பட்டிக்குள் வரவழைத்துக் கதவைச் சாத்த வேண்டும். உள்ளே கேரட்டோ காளானோ பெரிப்பழமோ எறிந்துவிட்டு விலகிவிட வேண்டும். பன்றியின் மேல் பார்வையை வைத்தால், அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சதவீதமும் ஒரு நிலையும் தெரியும்: பசி, மிரட்சி, பழகுகிறது. நம்மைக் கண்டு மிரண்டால் சதவீதம் அப்படியே நின்றுவிடும். பக்கத்தில் தீ எரிந்தாலும் அதற்குப் பயம். மொத்தம் அரை மணி நேரம் ஆகும். அந்த நேரமெல்லாம் அருகிலேயே இருக்க வேண்டும், ஆனால் அதன் கண்ணில் படக்கூடாது. ஆடுபவர் வேலிக்குப் பின்னால் குந்தியபடி விறகு அடுக்கிக்கொண்டோ, சும்மாவோ பொழுதைப் போக்குகிறார்.

பழக்குவதன் சாரம் பயத்தைப் போக்குவது என்பதை விதியாகவே எழுதிய கேம் இது. மலையில் ஓநாய் பிடிப்பவர்கள் குழி வெட்டி வீழ்த்துவதும் உண்டு. நம் பக்கத்துக் காடுகளில் யானை பிடிக்க ஒருகாலத்தில் கையாண்ட அதே உபாயம், ஆடுபவர்கள் தாங்களாகவே கண்டுகொண்டது. ஆனால் சதவீதம் நூறைத் தொட்டதும் வால்ஹைமின் பன்றியும் கேள்வி கேட்காத உடைமையாகிவிடுகிறது. பழக்கிய விலங்கைத் தவறுதலாக வெட்டிவிடாதபடி 2021 செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு வந்தது. கூடவே அவற்றை அறுப்பதற்கென்றே தனிக் கத்தியும் வந்தது. பட்டியில் குட்டி போட்டுப் பெருகும் பன்றிகள் இறைச்சிக்கும் தோலுக்கும்தான். பண்ணை வைத்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் பெயர் வைத்த பன்றியை அந்தக் கத்தியோடு நெருங்கும்போது தயங்குபவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்துக்கு வித்திட்டது அந்த அரை மணி நேரக் காத்திருப்பு.

ஒரு விலங்கு, ஒரு வம்சம்

பிடித்துப் பழக்குவது ஒன்று, தலைமுறை தலைமுறையாக வளர்த்து இனத்தின் சுபாவத்தையே மாற்றுவது இன்னொன்று. முதுமலை தெப்பக்காடு முகாமில் கும்கி யானை பாகனின் சொல் கேட்கிறது. ஆனாலும் அதன் இனம் காட்டு இனம்தான். நாயின் கதை அப்படியல்ல. ஓநாயிலிருந்து பிரிந்து குறைந்தது 15,000 ஆண்டுகளாக மனிதரோடு இருந்து வேறு உயிராகவே ஆகிவிட்டது. எல்லா விலங்கும் இதற்கு இசைவதும் இல்லை. பெரிய தாவரவுண்ணிப் பாலூட்டிகளில் வாய்ப்புள்ள 148 இனங்களில் 14 மட்டுமே வீட்டு விலங்காயின என்று ஜாரெட் டயமண்ட் 1997இல் கணக்குப் போட்டார். வரிக்குதிரை அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை. கேம்களில் இப்படித் தோற்றுப்போகும் இனம் அரிது.

தலைமுறை வழியே நடக்கும் மாற்றத்துக்குப் புகழ்பெற்ற சான்று, திமீத்ரி பெல்யாயெவ் 1959இல் சைபீரியாவில் தொடங்கிய வெள்ளிநரிச் சோதனை. ரோமப் பண்ணை நரிகளில் மனிதரைக் கண்டு மிரளாதவற்றை மட்டும் தேர்ந்து இணை சேர்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே வாலாட்டும், ஆளைத் தேடி வரும் நரிகள் பிறந்தன. தொங்கும் காது, சுருண்ட வால், உடலில் வெள்ளைத் திட்டு என்று உருவமும் மாறத் தொடங்கியது. அவர் மறைவுக்குப் பின் லியுட்மிலா துருத் அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

2019இல் வந்த மைன்கிராஃப்ட் நரியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வளர்ந்த காட்டு நரியை எப்படியும் பழக்க முடியாது. இரண்டு நரிகளுக்கு பெரிப்பழம் ஊட்டி இணை சேர்த்தால் பிறக்கும் குட்டி மட்டுமே நம்மை நம்பும். அதுவும் பெரிய நரிகள் பக்கத்தில் இருந்தால் அவற்றின் பின்னால் ஓடிவிடும். கயிறு போட்டு அழைத்துவர வேண்டும். தலைமுறைதான் வழி என்ற உண்மையை பெட்டி வடிவ நரி ஒன்றை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்கள்.

வளர்ப்பின் பாரத்தை முழுதாக ஏற்றியது ஆர்க்தான். முட்டைக்குச் சரியான வெப்பம் வேண்டும். சுற்றிலும் தீப்பந்தம் நட்டோ ஏர் கண்டிஷனர் வைத்தோ அதைக் காக்க வேண்டும். பொரிந்த குட்டி முதல் பத்து சதவீத வளர்ச்சிவரை கையால் ஊட்டினால்தான் பிழைக்கும். அதன் பிறகே தொட்டியில் போட்டதைத் தானாகத் தின்னும். டி-ரெக்ஸ் குட்டிக்கு அந்தப் பத்து சதவீதம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். முழு வளர்ச்சிக்கு மூன்று நாளுக்கு மேல். இதெல்லாம் கேம் நேரமல்ல, நம் சுவர்க்கடிகாரம் காட்டும் நேரம். இரவில் அலாரம் வைத்து எழுந்து ஊட்டுவது ஆர்க் ஆடுபவர்களிடம் சர்வசாதாரணம். வைவெர்ன் என்ற பறக்கும் ஜந்துவைக் காட்டில் பழக்கவே முடியாது. கூட்டிலிருந்து முட்டையைத் திருடிக்கொண்டு ஓட வேண்டும். குட்டிக்குப் பால் வேண்டுமென்றால் இன்னொரு காட்டுத் தாயை மயக்கி வீழ்த்திக் கறக்க வேண்டும்.

குட்டி அவ்வப்போது கொஞ்சச் சொல்லும், நடக்க அழைத்துப்போகச் சொல்லும், குறிப்பிட்ட தீனி கேட்கும். வளர்ப்பவரே நேரத்துக்கு வந்து செய்தால் ‘இம்பிரிண்ட்’ ஏறும். கான்ராட் லாரன்ஸ் வாத்துக் குஞ்சுகளிடம் ஆராய்ந்து விளக்கிய இயல்பின் பெயர் இது. பொரிந்ததும் முதலில் கண்ணில் படும் அசையும் பொருளைக் குஞ்சு தாயாக ஏற்றுக்கொள்ளும். அங்கே பிணைப்பு குஞ்சிடம் உண்டாகிறது. ஆர்க்கில் இம்பிரிண்ட் முழுதானால் விலங்கின் திறன்கள் உயரும். வளர்த்தவரே ஏறிப் போனால் தாக்குதல் வலு இன்னும் 30 சதவீதம் கூடும். விலங்குக்கு வந்தது எண்கள். பாசம் வந்தது தூக்கம் கெட்டு ஊட்டிய மனிதருக்கு. பிணைப்பு எதிர்த்திசையில் வேலை செய்திருக்கிறது.

சம்பளமில்லாத துணை

டோக்கியோவின் பாக்கெட்பேர் நிறுவனம் 2024 ஜனவரி 19 அன்று வெளியிட்ட பால்வேர்ல்ட், ஒரு மாதத்துக்குள் இரண்டரைக் கோடி ஆட்டக்காரர்களைத் தொட்டது. அடித்துப் பலவீனமாக்கி, உருண்டையை எறிந்து பிடிப்பது அங்கே வழி. பிடிப்பது, ஏறிச் செல்வது பற்றிய தங்கள் காப்புரிமைகளை மீறியதாக நின்டெண்டோவும் போகிமான் நிறுவனமும் 2024 செப்டம்பரில் டோக்கியோ நீதிமன்றத்துக்குப் போயின.

பால்வேர்ல்ட் செய்த புது வேலை, பிடித்த ‘பால்’களை முகாமில் வேலைக்கு வைத்தது. மரம் வெட்டுவது, சுரங்கம் தோண்டுவது, உலைக்குத் தீ மூட்டுவது எல்லாம் அவைதான். வேலைப்பளுவைக் கூட்டவும் குறைக்கவும் ஆடுபவரால் முடியும். கூட்டினால் மனநிலை அளவு சரியும். சரிந்தால் வயிற்றுப்புண், மனச்சோர்வு என்று நோய் வரும், வேலையில் சுணங்கும். வெந்நீர்த் தொட்டியும் நல்ல சாப்பாடும் கொடுத்தால் தேறும். வேண்டாததை வெட்டவும் ஒரு கத்தி உண்டு. வெட்டும்போது திரை மங்கலாகிவிடும். கூச்சத்தை மறைக்கும் அந்த மங்கலே கூச்சம் இருப்பதை ஒப்புக்கொள்கிறது.

இதைக் கேலி என்று தள்ளுவோரும் கொடூரம் என்று கண்டிப்போரும் உண்டு. நம் கேள்விப்படி பார்த்தால் பால்வேர்ல்ட் பாதி தூரம் வந்திருக்கிறது. அதன் விலங்கு உடலால் மறுக்கிறது. நோயுற்று, சுணங்கிக் காட்டுகிறது. விட்டுப்போகும் மறுப்பு மட்டும் அதற்குக் கிடையாது.

நினைவு வைத்திருக்கும் மாடு

முழு தூரம் வந்த ஒன்றும் உண்டு: கிளெய் நிறுவனத்தின் டோன்ட் ஸ்டார்வ் டுகெதர். அதில் பீஃபலோ என்ற அடர்ந்த மயிருள்ள காட்டுமாடு. தீனி கொடுத்தால் சொல் கேட்கும். சேணம் பூட்டி ஏறினால் கொஞ்ச நேரம் பொறுத்து, பிறகு தூக்கி எறிந்துவிடும். நாள்தோறும் கவனித்தால் தாங்கும் நேரம் கூடும். முழுதாகப் பழக ஏறத்தாழ 20 கேம் நாட்கள். ஒரு நாள் என்பது எட்டு நிமிடம். இடையில் விட்டுவிட்டால் பெற்ற பழக்கம் கரையும். அடித்தால் வேகமாகக் கரையும். பழகி முடித்த பிறகும் இது பொருந்தும்; உப்புக்கட்டி வைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் மாடு மறுபடி காட்டுமாடுதான்.

எப்படி வளர்த்தோமோ அப்படி அதன் குணம் அமைவது இன்னும் முக்கியம். சண்டைக்கே அழைத்துப்போனால் முரட்டுமாடாகும், அடி பலமாக விழும். ஏறிச் சுற்றினால் வேகமாக ஓடும் சவாரிமாடாகும். வேலையே கொடுக்காமல் தீனியைத் திணித்தால் கொழுத்த சாதுவாகும், பக்கத்தில் இருப்பவரின் மனக்கலக்கத்தைத் தணிக்கும். ஆடுபவரின் நடத்தை விலங்கின் உடம்பில் எழுதப்படுகிறது. இருவர் வளர்த்த இரண்டு மாடுகள் ஒன்றாக இருப்பதில்லை.

வசதியா, உறவா?

எதிர்வாதம் ஒன்றுக்கு வலு உண்டு. வேலைக்குப் போய்விட்டு இரவு ஒரு மணி நேரம் ஆட உட்காருபவருக்கு, ஓடிப்போகும் விலங்கு தண்டனைதான். வார்கிராஃப்ட்டில் மகிழ்ச்சி அளவை எடுத்தபோது பலர் நிம்மதி அடைந்திருப்பார்கள். பையில் கறி சுமந்து ஊட்டிக்கொண்டிருப்பதை யாரும் வீரச்செயல் என்று நினைக்கவில்லை. ஆர்க்கின் இரவு அலாரம் விளையாட்டா, கூலியில்லா வேலையா என்றும் கேட்கலாம். சலிப்பூட்டும் கடமையை உறவு என்று அழைப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

ஆனால் மறுப்பையும் சலிப்பையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிந்ததுதான் பிழை. மறுப்பு என்றால் மணிக்கொரு முறை தீனி கேட்பது என்று பொருளில்லை. ஓசலட் தான் இவ்வளவுதான் தருவேன் என்கிறது. நரிக்குட்டி தன் இனத்தின் பின்னால் ஓடுகிறது. பீஃபலோ நம் நடத்தையை நினைவில் வைத்து வளர்கிறது. இவை எதற்கும் இரவு அலாரம் தேவைப்படவில்லை. மறுபுறம், கடிகாரத்தைக் கட்டி அழவைத்த ஆர்க்கில், அத்தனை உழைப்புக்குப் பிறகும் விலங்கு ஒருநாளும் இல்லை என்று சொல்லாது. உழைப்பைக் கேட்பதும் உறவை உண்டாக்குவதும் வேறு வேறு காரியங்கள். முன்னதைச் செய்வது சுலபம் என்பதால் பெரும்பாலான கேம்கள் அதோடு நின்றுவிட்டன.

ஆகவே புதிதாக ஒரு சர்வைவல் கேம் தன் விலங்குகளைக் காட்டிப் பெருமை பேசும்போது, எத்தனை இனங்களைப் பழக்கலாம் என்ற எண்ணிக்கை நமக்குப் பெரிதாக எதையும் சொல்லாது. ஒரே விலங்கை நல்லவர் ஒருவரும் முரடர் ஒருவரும் ஒரு மாதம் வளர்த்தால், கடைசியில் இரண்டு வெவ்வேறு விலங்குகள் நிற்குமா என்று கேட்க வேண்டும். நிற்கும் என்றால் அங்கே ஒரு துணை இருக்கிறது. இல்லையென்றால் அது கால் முளைத்த கருவி. நல்ல கருவியாகவே இருக்கலாம், அதற்குப் பெயர் வைத்துக் கொஞ்சவும் செய்யலாம், ஆனால் அந்த உறவில் இருப்பவர் நாம் ஒருவர் மட்டும்தான்.